மைதானத்துக்கு வெளியே நடந்தா யார் பொறுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ஒரு ஃபுட்பால் பிளேயர் மேலயோ கிரிக்கெட் பிளேயர் மேலயோ ஒரு பெண் புகார் கொடுத்ததா செய்தி வந்தா, மேட்ச் பார்க்கிற கூட்டத்துல யாராவது ஒருத்தர் உடனே சொல்வார்: "அது கிரவுண்டுக்கு வெளியே நடந்தது. நாம அவன் ஆட்டத்தை மட்டும் பார்ப்போம்." கேட்க நியாயமாத்தான் இருக்கும். கிளப்பும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லும். "இது வீரருடைய தனிப்பட்ட விஷயம்"னு ஒரு அறிக்கை வரும், அதோட முடிஞ்சுடும்.

இந்த "கிரவுண்டுக்கு வெளியே"ங்கிற கோட்டை யார் போட்டாங்க? அது யாரைக் காப்பாத்துது? இப்போ அது எங்கே வந்து நிக்குது? இதுதான் இன்னைக்கு எபிசோடு. இதை நாம விருதுநகர் மாவட்டத்துல இருந்து, குறிப்பா சிவகாசியில இருந்து பார்க்கப் போறோம். ஃபுட்பாலுக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. முதல் சம்பந்தம் வெடிமருந்து. ரெண்டாவது சம்பந்தம் ஒரு சட்டம். ரெண்டையும் வரிசையா பார்ப்போம்.

மருந்து வேலை, பந்து விளையாட்டு

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்க 1922-ல் கல்கத்தா போனாங்க, திரும்பி வந்து சிவகாசியில தொழிலை ஆரம்பிச்சாங்க. இது அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பிறகு பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. ஆனா குழாய்க்குப் பேப்பர் சுத்துறது, திரி வைக்கிறது, சரம் பின்னுறது, டப்பாவுல அடுக்குறதுன்னு அந்தத் தொழிலைத் தாங்கின கைகள்ல பெரும்பகுதி பெண்களோட கைகள். அலுமினியப் பவுடர் படிஞ்சு வெள்ளியா மாறின கைகளை அந்த ஊர்ப் படங்கள்ல நீங்க பார்த்திருப்பீங்க.

அந்தக் கல்கத்தா பயணத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, இங்கிலாந்துல இதே மாதிரி ஒரு காட்சி. முதல் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கு. ஆண்கள் போர்முனையில. குண்டுக்குள்ள மருந்து அடைக்கிற வேலைக்குப் பெண்கள் லட்சக்கணக்குல வந்தாங்க. டி.என்.டி. வெடிமருந்து பட்டு அவங்க தோல் மஞ்சளா மாறிடும். அதனால ஊர்ல அவங்களுக்கு "கேனரி பெண்கள்"னு பேரு. கேனரிங்கிறது ஒரு மஞ்சள் குருவி.

இந்த ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில பந்து உதைக்க ஆரம்பிச்சாங்க. வடக்கு இங்கிலாந்துல அவங்களுக்குன்னே ஒரு கோப்பை நடந்தது. 1918 மே மாதம் அதோட ஃபைனல்ல பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் பெண்கள் அணி 5-0 கணக்குல ஜெயிச்சது. பெல்லா ரே மட்டும் 3 கோல். இன்னொரு பக்கம் பிரெஸ்டன் ஊர்ல டிக், கெர் கம்பெனி. முன்னாடி டிராம் வண்டியும் ரயில் எஞ்சினும் செஞ்சுக்கிட்டு இருந்த அந்தக் கம்பெனி போர்க்காலத்துல குண்டு செய்ய மாறிடுச்சு. அங்க வேலை பார்த்த பெண்கள் 1917-ல் ஒரு டீம் ஆரம்பிச்சாங்க. அதுதான் "டிக், கெர் லேடீஸ்". காயம்பட்ட சிப்பாய்களுக்காக நிதி திரட்ட ஆடினாங்க.

போர் முடிஞ்சும் கூட்டம் குறையலை. 1920 டிசம்பர் 26, லிவர்பூல்ல எவர்ட்டனோட குடிசன் பார்க் மைதானம். டிக், கெர் பெண்களோட மேட்ச் பார்க்க 53,000 பேர் உள்ளே. இடமில்லாம ஆயிரக்கணக்குல வெளியே. இதுக்கு ஒரு வருஷம்கூட முழுசா ஆகலை. 1921 டிசம்பர் 5-ம் தேதி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டுச்சு: ஃபுட்பால் பெண்களுக்கு ஏத்த விளையாட்டு இல்லை, சங்கத்துல சேர்ந்த எந்த கிளப்பும் பெண்கள் ஆட மைதானம் கொடுக்கக் கூடாது. வசூலான பணத்தோட கணக்கு சரியில்லைன்னும் ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்துக்கிட்டாங்க.

மருந்து அடைக்கிற வேலைக்கு ஏத்த உடம்பு, பந்து உதைக்க ஏத்ததில்லையாம்! அந்தத் தடை எடுபட 50 வருஷம் ஆச்சு. சங்கம் மன்னிப்பு கேட்டது 2008-ல்.

ஐம்பது வருஷம் கதவை மூடினா என்ன ஆகும்

இங்கிலாந்து மட்டும் இல்லை. பிரேசில்ல 1941-ல் பெண்கள் ஃபுட்பால் ஆட அரசாணை போட்டே தடை பண்ணாங்க. 1979-ல் தான் அது போச்சு. மேற்கு ஜெர்மனியில 1955 முதல் 1970 வரைக்கும் தடை. ஃபுட்பால் உலகத்தோட பெரிய நாடுகள்னு நாம சொல்ற இடங்கள் இதெல்லாம்.

இதை நாம பொதுவா பெண்கள் விளையாட்டு வரலாறுன்னு தனியா ஒரு அலமாரியில வெச்சிடுவோம். நான் இதை ஆண்கள் விளையாட்டோட வரலாறாவும் பார்க்கச் சொல்றேன். ரெண்டு தலைமுறை ஆண்கள் ஒரு தொழிலைக் கத்துக்கிட்டாங்க. அந்தத் தொழில்ல சக வீரரா ஒரு பெண் கிடையாது. கோச் கிடையாது. சங்கத்துல ஓட்டுப் போடுற மெம்பர் கிடையாது. அப்போ அந்த உலகத்துல பெண்ணுக்கு மிச்சமிருந்த இடம் என்ன? வீரரோட மனைவி. ஜெர்சி துவைக்கிறவங்க. டீ போடுறவங்க. கேலரியில கத்துற ரசிகை. ராத்திரி கிளப்புல பார்க்கிற முகம்.

தடை போட்டதாலதான் வீரர்கள் தப்பு பண்றாங்கன்னு நான் சொல்ல வரலை. பெரும்பாலான வீரர்கள் எந்தப் பெண்கிட்டயும் தப்பா நடக்காமலேயே ஆடி முடிச்சுப் போனவங்க. ஆனா ஒருத்தன் தப்பா நடந்தா, அந்த ரூம்ல "டேய், நிறுத்து"ன்னு சொல்ல யார் இருந்தாங்க? புகாரை வாங்கிக்க எந்த மேஜையில ஒரு பெண் உட்கார்ந்திருந்தாங்க? இதை யோசிச்சா, "கிரவுண்டுக்கு வெளியே"ங்கிற கோடு எவ்வளவு சுலபமா விழுந்திருக்கும்னு புரியும்.

வீரர் சொத்தா மாறின கதை

அடுத்து பணம். 1961 வரைக்கும் இங்கிலாந்துல ஒரு ஃபுட்பால் பிளேயருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னு விதி. அந்த வருஷம் விதி போச்சு. 1992-ல் பிரீமியர் லீக் வந்தது, டிவி பணம் கொட்டுச்சு. 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மேன் வழக்குல தீர்ப்பு கொடுத்தது. ஒப்பந்தம் முடிஞ்ச வீரர் டிரான்ஸ்ஃபர் பணம் இல்லாமலேயே வேற கிளப்புக்குப் போகலாம்னு ஆச்சு. தொழிலாளியா வீரருக்கு இது நல்ல தீர்ப்பு. அதே சமயம் நல்ல வீரரைத் தக்க வைக்க கிளப்புங்க கோடி கோடியா கொட்ட வேண்டியதாச்சு.

இப்போ கிளப்பு பக்கத்துல இருந்து பாருங்க. ஒரு வீரர் மேல புகார் வருது. விசாரிச்சா சீசன் போகும், போட்ட பணம் போகும். "தனிப்பட்ட விஷயம்"னு சொன்னா எதுவும் போகாது. கணக்குப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பார்?

ரொபின்ஹோ கதை இதுக்கு உதாரணம். பிரேசில் வீரர், ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி, ஏ.சி. மிலன்ல எல்லாம் ஆடினவர். 2013 ஜனவரியில மிலன் நகரத்து நைட் கிளப் ஒண்ணுல ஒரு இளம்பெண்ணைக் கூட்டுப் பாலியல் வன்முறை செஞ்சதா வழக்கு. 2017-ல் இத்தாலி நீதிமன்றம் 9 வருஷம் தண்டனை கொடுத்தது. அப்பீல்ல இருக்கும்போதே அவர் துருக்கி போய் ரெண்டு கிளப்புகளுக்கு ஆடினார். 2020 அக்டோபர்ல அவர் சின்ன வயசுல ஆடின சான்டோஸ் கிளப் அவரை மறுபடி ஒப்பந்தம் பண்ணுச்சு.

அந்த வாரத்துல ஒரு விஷயம் நடந்தது. போலீஸ் ஒட்டுக்கேட்ட ஃபோன் பேச்சை பிரேசில் ஊடகம் வெளியிட்டது. அந்தப் பெண் முழு போதையில இருந்ததால என்ன நடந்ததுன்னே தெரியாதுன்னு அவர் நண்பர்கிட்ட சிரிச்சுப் பேசினது அதுல இருந்தது. ஸ்பான்சர்கள் மிரட்டினாங்க, ஒருத்தர் விலகியே போனாங்க. சில நாள்லயே கிளப் ஒப்பந்தத்தை நிறுத்தி வெச்சது. கவனிங்க. நீதிமன்றத் தண்டனை மூணு வருஷமா இருந்தது, அதுக்குக் கிளப் அசையலை. விளம்பரப் பலகை கழண்டு விழும்னு தெரிஞ்சப்போ அசைஞ்சது. 2022 ஜனவரியில இத்தாலியோட உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி பண்ணுச்சு. 2024 மார்ச்சுல பிரேசில்லயே அவர் சிறைக்குப் போனார். சம்பவம் நடந்து 11 வருஷம்.

நம்ம ஊர்க் கதை

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபுட்பால்"னு தள்ளிட முடியாது. 2019 ஜனவரி 6-ம் தேதி ஒளிபரப்பான "காஃபி வித் கரண்" எபிசோடு ஞாபகம் இருக்கா? ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் வந்தாங்க. பாண்டியா பெண்களைப் பத்திப் பேசின விதம் நாடு முழுக்க சர்ச்சை ஆச்சு. ஆஸ்திரேலியாவுல டூர்ல இருந்த ரெண்டு பேரையும் கிரிக்கெட் வாரியம் சஸ்பெண்ட் பண்ணித் திருப்பி அனுப்பிச்சு. ஜனவரி 24-ம் தேதி சஸ்பென்ஷன் போச்சு. ஏப்ரல்ல வாரியத்தோட குறைதீர்ப்பாளர், ஓய்வு பெற்ற நீதிபதி டி.கே. ஜெயின், ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார். அதுல 10 லட்சம் பணியில உயிரிழந்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரோட குடும்பங்களுக்கு. மீதி 10 லட்சம் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு.

ரெண்டுமே நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனா புகார் என்னவோ பெண்களைப் பத்திப் பேசின பேச்சு. அபராதத்துல ஒரு ரூபாயாவது பெண்கள் கிரிக்கெட்டுக்கோ, வீரர்களுக்குப் பயிற்சி வகுப்புக்கோ போகலை. வாரியம் பார்த்தது தன்னோட பேர் கெட்டதைத்தான். பேசப்பட்ட பெண்கள் அந்தக் கணக்குலயே வரலை.

இங்கே பேச்சு மட்டும்தானே, யாரையும் தொடலையேன்னு கேட்கலாம். சரிதான், பேச்சும் குற்றமும் ஒண்ணு இல்லை. அதுக்கான தண்டனையும் ஒண்ணா இருக்கக் கூடாது. ஆனா டிரெஸ்ஸிங் ரூம்ல எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு கிடைக்குதுங்கிறதைப் பார்த்துத்தான் 17 வயசுப் பையன் எது சரின்னு கத்துக்கிறான்.

ஆலை கேட்டும் மைதான கேட்டும்

இப்போ சிவகாசிக்குத் திரும்புவோம், அந்த ரெண்டாவது சம்பந்தத்துக்கு.

பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்னு ஊர்ல சொல்ற இடங்கள்ல பொறுப்புங்கிறது ரொம்ப காலமா கேட்டோட நின்னுச்சு. பெட்டி ஒட்டுறது மாதிரி வேலைகள் வீட்டுக்குப் போகும், பீஸ் கணக்குல கூலி. வீட்டுல நடக்குற வேலைக்கு ஆலை பொறுப்பில்லை. குத்தகைக்காரர் கூட்டிட்டு வந்த ஆளுக்கு முதலாளி பொறுப்பில்லை. வேனுக்குப் பொறுப்பில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கு 1986-ல் எம்.சி. மேத்தா போட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர்ல. இடைப்பட்ட பத்து வருஷமும் "யார் பொறுப்பு"ங்கிறதுதான் பெரிய கேள்வி.

அதே காலத்துல ராஜஸ்தான்ல இன்னொரு கேள்வி. பன்வாரி தேவிங்கிற கிராமப் பணியாளர், அரசோட பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்துல வேலை பார்த்தவங்க. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதுக்காக 1992-ல் அவங்க மேல பாலியல் வன்முறை நடந்தது. அவங்க ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்திருக்கலை. ஆனா அவங்களுக்கு நடந்தது அவங்க பார்த்த வேலையால. வேலை செய்ற பெண்ணோட பாதுகாப்புக்கு யார் பொறுப்புன்னு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனாங்க. 1997 ஆகஸ்ட் 13-ம் தேதி வந்ததுதான் விசாகா தீர்ப்பு. இன்னைக்கும் ஆபீஸ்ல "விசாகா கமிட்டி"ன்னு சொல்றோமே, அது அங்கே இருந்து வந்தது. 2013-ல் அது சட்டமாவே ஆச்சு: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம்.

இந்தச் சட்டத்துல "பணியிடம்"னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. பிரிவு 2, உட்பிரிவு "ஓ". விளையாட்டு இதழ்கள்ல இதைப் பத்தி அதிகம் எழுத மாட்டாங்க, அதனால நிதானமா சொல்றேன். விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் பணியிடம். ஸ்டேடியம் பணியிடம். போட்டி நடக்கிற இடம் பணியிடம். தங்கிப் பயிற்சி எடுக்கிற இடமா இருந்தாலும் இல்லாட்டியும் பணியிடம். வேலை நிமித்தமா போற எந்த இடமும், அதுக்கு முதலாளி ஏற்பாடு பண்ற வண்டியும் பணியிடம். அப்போ டீம் பஸ்? பணியிடம். டூர்ல தங்குற ஹோட்டல்? அதுவும்தான். புகார் கொடுக்கிற பெண் அங்கே சம்பளம் வாங்குறவங்களா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

அதே சட்டம் சிவகாசிக்கும். 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்துல உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணா இருக்கணும், உறுப்பினர்கள்ல குறைஞ்சது பாதி பெண்கள், வெளியில இருந்து ஒருத்தர். 10 பேருக்குக் குறைவான யூனிட்டா இருந்தா, இல்ல முதலாளி மேலயே புகார்னா, மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் குழு. சரம் பின்னுற அக்காவுக்கும் சென்டர் ஃபார்வர்டு ஆடுற தங்கச்சிக்கும் ஒரே சட்டம், ஒரே மாதிரி குழு. "கேட்டுக்கு வெளியே"ன்னு முதலாளியும் சொல்ல முடியாது, "கிரவுண்டுக்கு வெளியே"ன்னு கிளப்பும் சொல்ல முடியாது. இது 2013-லயே எழுதி வெச்சாச்சு.

எழுதினது சரி, நடந்தது என்ன?

2022 கோடையில நம்ம 17 வயசுக்குட்பட்ட பெண்கள் ஃபுட்பால் டீம் ஐரோப்பாவுல பயிற்சிப் பயணத்துல இருந்தது. அந்த வருஷம் உலகக் கோப்பை இந்தியாவுலயே நடக்கப் போகுது. டீமோட உதவிப் பயிற்சியாளர் மேல பாலியல் அத்துமீறல் புகார். அவரைத் திருப்பி அனுப்பி, ஜூலையில வேலையை விட்டு நீக்கினாங்க.

2023 ஜனவரியில வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா டெல்லி ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்தாங்க. மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மேல பாலியல் புகார். ஏப்ரல்ல மறுபடி வந்து உட்கார்ந்தாங்க. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் டெல்லி போலீஸ் முதல் தகவல் அறிக்கையே பதிவு பண்ணுச்சு. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். 2024 மே மாதம் நீதிமன்றம் அவர் மேல குற்றச்சாட்டுகளைப் பதிவு செஞ்சது.

அந்தப் போராட்டம் நடந்துக்கிட்டு இருந்தப்பவே, 2023 மே 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேற ஒரு வழக்குல, கோவாவுல ஒரு பேராசிரியர் சம்பந்தப்பட்ட வழக்குல, தீர்ப்பு சொல்லுச்சு. அதுல ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்துக் காட்டினாங்க: நாட்டுல 30 தேசிய விளையாட்டு சம்மேளனங்களைப் பார்த்ததுல 16-ல் சட்டம் கேட்கிற குழுவே அமைக்கலை. சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

2024 மார்ச் கடைசியில கோவா. பெண்கள் லீகோட இரண்டாம் பிரிவுப் போட்டிக்கு இமாச்சலப் பிரதேசத்து கிளப் ஒண்ணு வந்திருந்தது. அந்த கிளப்போட தொடர்புடைய, அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தோட செயற்குழுவுலயே இருந்த ஒருத்தர், குடிச்சிட்டுத் தங்கள் ரூமுக்குள்ள வந்து தாக்கினதா ரெண்டு வீராங்கனைகள் புகார் கொடுத்தாங்க. போலீஸ் கைது பண்ணுச்சு, சம்மேளனம் அவரைச் சஸ்பெண்ட் பண்ணுச்சு. சண்டை ஆரம்பிச்சது எதுக்குன்னா, ராத்திரி பசிக்கு அந்தப் பெண்கள் முட்டை வேகவெச்சதுக்கு. மேட்ச் முடிஞ்சாச்சு, மைதானத்துக்கு வெளியேதான். ஆனா அந்த ரூம் அவங்களோட பணியிடம்.

இந்த மூணு கதையிலயும் குற்றம் சாட்டப்பட்டவர் வீரர் இல்லை. கோச், தலைவர், நிர்வாகி. நாம வீரர்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சு இங்கே வந்ததுக்குக் காரணம் இருக்கு. வீரரோட புகாரை விசாரிக்க வேண்டிய நாற்காலி இவங்களோடது. அந்த நாற்காலியே இப்படி இருந்தா, கீழே இருக்கிற பையன் என்ன பாடம் படிப்பான்?

கோடு எப்போ நகர்ந்தது

2023 ஆகஸ்ட் 20, சிட்னி. பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல்ல ஸ்பெயின் 1-0ன்னு இங்கிலாந்தை ஜெயிச்சது. பதக்க மேடையில ஸ்பெயின் சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலஸ், ஜென்னி எர்மோசோவோட தலையைப் பிடிச்சு உதட்டுல முத்தம் கொடுத்தார். உலகமே நேரலையில பார்த்தது. ராஜினாமா பண்ண மாட்டேன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்மேளனக் கூட்டத்துல கைதட்டலும் கிடைச்சது.

அன்னைக்கே 81 வீராங்கனைகள் கையெழுத்துப் போட்டாங்க, உலகக் கோப்பை ஜெயிச்ச 23 பேரும் அதுல உண்டு. இந்தத் தலைமை இருக்கிற வரைக்கும் நாட்டுக்காக ஆட மாட்டோம்னாங்க. சிவகாசி பாஷையில சொல்லணும்னா வேலை நிறுத்தம். ஆண்கள் அணியில ஆடின போர்ஹா இக்லேசியாஸ், இது சரியாகுற வரைக்கும் நானும் தேசிய அணிக்கு ஆடலைன்னு சொன்னார். அடுத்த நாள் ஃபிஃபா ரூபியாலஸைச் சஸ்பெண்ட் பண்ணுச்சு. செப்டம்பர் 10-ம் தேதி அவர் விலகினார். 2025 பிப்ரவரியில ஸ்பெயின் நீதிமன்றம் அந்த முத்தத்தைப் பாலியல் தாக்குதல்னு தீர்ப்பு சொல்லி 10,800 யூரோ அபராதம் போட்டது.

1921-ல் மைதானமே மறுக்கப்பட்டவங்க, 2023-ல் மைதானத்துக்கு வர மாட்டோம்னு சொன்னப்போ சம்மேளனம் அசைஞ்சது. கோப்பை அவங்க கையில இருந்தது. ரொபின்ஹோ கதையில ஸ்பான்சருக்கு இருந்த பலம் இங்கே வீராங்கனைகளுக்கு இருந்தது.

"பொய்ப் புகார் வந்தா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. டானி ஆல்வெஸ், பார்சிலோனாவோட பிரபல வீரர். 2024 பிப்ரவரியில பாலியல் வன்முறை வழக்குல நாலரை வருஷம் தண்டனை. 2025 மார்ச்சுல மேல்முறையீட்டு நீதிமன்றம், சாட்சியம் போதாதுன்னு அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. கைதானதுல இருந்து ஜாமீன் வரைக்கும் அவர் ஒரு வருஷத்துக்கு மேல சிறையில இருந்தார். அப்போ புகார் வந்த உடனே குற்றவாளின்னு முடிவு கட்டக் கூடாது, சரி.

ஆனா ரசிகர் கூட்டமே தீர்ப்பு எழுதாம இருக்கணும்னா, விசாரிக்க ஒரு முறையான இடம் வேணும். குழுங்கிறது புகார் கொடுத்தவங்களுக்கு மட்டும் இல்லை, புகாருக்கு ஆளானவருக்கும்தான். ரெண்டு தரப்பையும் கேட்கணும், 90 நாள்ல விசாரணை முடியணும், பேரு வெளிய போகக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. குழு இல்லாத இடத்துலதான் விஷயம் ஒண்ணு அமுங்கிப் போகும், இல்ல செல்ஃபோன்ல ஊர் முழுக்கச் சுத்தும். ரெண்டுமே யாருக்கும் நியாயம் இல்லை.

விருதுநகர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லயும் 2023-லயும் தேசிய சாம்பியன். மதுரையோட சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை ஜெயிச்சது. சிவகாசியில இருந்து மதுரை பஸ்ல ரெண்டு மணி நேரம் சொச்சம். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்த ஒரு பாட்டியோட பேத்தி இன்னைக்கு அகாடமியில சேரணும்னு கேட்டா, அது நடக்கக்கூடிய ஆசை.

சேர்க்கப் போற அப்பா அம்மா ஃபீஸ் கேட்பாங்க, ஹாஸ்டல் சாப்பாடு கேட்பாங்க. இன்னும் மூணு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்க. உள்ளகக் குழு இருக்கா, அதுல இருக்கிறவங்க பேரும் நம்பரும் போர்டுல ஒட்டியிருக்கா? வெளியூர் மேட்ச் போறப்போ கூட ஒரு பெண் பொறுப்பாளர் வர்றாங்களா? கோச் பிள்ளைங்களுக்குத் தனியா ராத்திரி மெசேஜ் அனுப்பலாமா கூடாதான்னு விதி இருக்கா? கேட்டா மொறைக்கிற அகாடமின்னா, பதில் கிடைச்சாச்சு.

சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். குழுவே இல்லாத சின்ன இடம்னா மாவட்ட உள்ளூர் குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க. பெண்கள் உதவி எண் 181. 18 வயசுக்குக் கீழேன்னா அது போக்சோ சட்டத்துல வரும், தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு சட்டம். உதவி எண் 1098. சென்னையில 2021 மே மாதம் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானதும் போக்சோவுலதான்.

பசங்களுக்கும் ஒண்ணு. உங்க டீம் குரூப்ல ஒருத்தன் ஒரு பெண்ணோட ஃபோட்டோவைப் போட்டு ஏதாவது எழுதுவான். அப்போ கேப்டன் என்ன சொல்றான்னு பாருங்க. கேப்டன் நீங்களா இருந்தா, "டிலீட் பண்ணுடா"ன்னு சொல்லுங்க. அதுக்கு ஃபிஃபாவும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.